வரி எவரிடம்? வசதி எவருக்கு?

வரவு செலவுத் திட்டம் பாராளுமன்றத்தில் வாசிக்கப்படும் நாளில் எம்மவரிற் பெரும்பாலோர் கேட்கும் கேள்விகள் இரண்டே. எந்தப் பொருளின் விலை ஏறும்? எவருடைய சம்பளம் கூடும்? இவ்விரண்டுக்கும் மறுநாட் பத்திரிகையில் விடை கண்டவுடன் கமக்காரர் தோட்டத்துக்கும், உத்தியோகத்தர் கந்தோருக்கும் போய்விடுகின்றனர். ஆனால் அத்திட்டத்தின் முடிவிலே ஒரு தொகை நிற்கின்றது. வரவுக்கும் செலவுக்கும் இடையே கிடக்கும் பள்ளம் அது. துண்டு விழும் தொகை என்று அதற்குப் பெயர். அந்தப் பள்ளத்தை எவருடைய பணத்தைக் கொண்டு நிரப்புவது என்பதே அரசியலின் அடிப்படைக் கேள்வி. அதனை நாம் கேட்பதில்லை. கேளாதிருந்ததன் பயனை 2022 ஆம் ஆண்டில் எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்று அனுபவித்தோம்.

துண்டு விழுவது தன்னளவிற் குற்றமன்று. கிணறு வெட்டுவதற்குக் கமக்காரன் கடன் படுகிறான். அடுத்த போகத்து விளைச்சல் அக்கடனை அடைக்கும். பாடசாலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் துறைமுகத்துக்கும் அரசாங்கம் கடன் படுவதும் அவ்வாறானதே. பிழை எங்கே வருகிறதென்றால், கொடுக்கக் கூடியவனிடம் வரி கேளாது விட்டு, அதனால் உண்டான பள்ளத்தைக் கடனால் மூடும்போது வருகிறது. பள்ளத்தை நிரப்ப மூன்று வழிகளே உண்டு: வரி விதித்தல், கடன் வாங்குதல், காசு அச்சடித்தல். கடன் என்பது நாளைய வரி. அச்சடித்த காசோ விலைவாசியாக வந்து, சட்டமின்றியே அறவிடப்படும் வரி. எவ்வழியிற் சென்றாலும் கொடுப்பவர் மக்களே. எந்த மக்கள் கொடுக்கின்றனர் என்பதில்தான் நீதியும் அநீதியும் தங்கியுள்ளன.

இலங்கை இப்பாடத்தை முதன்முதலாகக் கற்றது 1953 ஆம் ஆண்டில். கொரிய யுத்த காலத்தில் உயர்ந்திருந்த ரப்பர் விலை இறங்கியது. வெளிநாட்டு அரிசியின் விலை ஏறியது. திறைசேரியிற் பள்ளம் விழுந்தது. அன்றைய நிதி மந்திரி ஜே. ஆர். ஜயவர்த்தன கண்ட வழி என்ன? பங்கீட்டு அரிசி கொத்து ஒன்றின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தினார். பாடசாலைப் பிள்ளைகளின் மதிய உணவை நிறுத்தினார். தபாற் கட்டணத்தையும் ரயிற் கட்டணத்தையும் கூட்டினார். அவ்வாண்டு ஓகஸ்ட் 12 ஆம் நாள் நாடு ஹர்த்தாலில் மூழ்கியது. மக்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். இரண்டு மாதங்களுக்குள் பிரதம மந்திரி டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். கணக்குப் புத்தகத்தில் அந்த மந்திரியின் கூட்டலும் கழித்தலும் சரியாகவே இருந்திருக்கலாம். ஆனால் பள்ளத்தை நிரப்ப அவர் கைவைத்தது ஏழையின் உலைப்பானையில்.

அதன் பின்னர் மற்றொரு வழியும் முயன்று பார்க்கப்பட்டது. 1958 இல் கேம்பிரிட்ஜ் பொருளியல் அறிஞர் நிக்கலஸ் கால்டோர் இந்நாட்டுக்கு அழைக்கப்பட்டார். அவரது ஆலோசனையைத் தழுவி 1959 இல் செல்வ வரி, செலவு வரி, நன்கொடை வரி ஆகியவை விதிக்கப்பட்டன. சம்பளத்தைக் கணக்கிடுவது எளிது. ஆனால் நிலமும் மாளிகையும் பங்குகளும் உடையவன் வருமானம் இல்லையென்று சொல்லித் தப்பலாம். ஆதலால் உடைமையையும் செலவையும் பார்த்து வரி வாங்க வேண்டும் என்பதே அவ்வரிகளின் கருத்து. அவற்றை நடைமுறைப்படுத்தும் மனமும் ஆளணியும் அரசாங்கத்துக்கு இருக்கவில்லை. செலவு வரி நிலைக்கவில்லை. செல்வ வரியும் 1990 களின் தொடக்கத்தில் நீக்கப்பட்டது. நீக்கப்பட்டபோது நாட்டில் ஹர்த்தால் நடக்கவில்லை. செல்வருக்கு விடப்படும் வரி எவருடைய காதிலும் சத்தமின்றி விழுவது.

அந்தச் சத்தமில்லாத சலுகை எவ்வளவு பெரிய இடியாக முடியும் என்பதை 2019 ஆம் ஆண்டு காட்டிற்று. அவ்வாண்டு நவம்பரில் கோத்தபாய ராஜபக்ஷ ஜனாதிபதியாகத் தெரிவு செய்யப்பட்டார். டிசம்பர் முதலாம் நாளிலிருந்து பெறுமதி சேர் வரி நூற்றுக்கு 15 இலிருந்து 8 ஆகக் குறைக்கப்பட்டது. ஆண்டுக்கு ஒரு கோடியே 20 இலட்சம் ரூபா வியாபாரம் செய்பவர் அவ்வரிக்குப் பதிவு செய்ய வேண்டுமென்றிருந்த எல்லை 30 கோடி ரூபாவாக உயர்த்தப்பட்டது. தேசத்தைக் கட்டியெழுப்பும் வரி அடியோடு நீக்கப்பட்டது. சம்பளத்திலேயே கழிக்கப்பட்ட வரி நிறுத்தப்பட்டது. கம்பனிகளின் வருமான வரியும் குறைந்தது. மக்கள் கைதட்டினர். யாழ்ப்பாணத்திலும் கைதட்டியோர் இல்லாமலில்லை.

விளைவு என்ன? 2019 இல் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் நூற்றுக்குப் பதினொன்றுக்கு மேலாக இருந்த வரி வருமானம், அடுத்த ஆண்டே எட்டளவுக்கு வீழ்ந்தது. 2020 இலும் 2021 இலும் துண்டு விழும் தொகை நூற்றுக்குப் பத்தைத் தாண்டியது. பெருந்தொற்றும் வந்து சேர்ந்தது. வெளியே கடன் கொடுப்பார் இல்லை. மத்திய வங்கி காசை அச்சடித்தது. 2020 ஒக்டோபர் 13 இல் இறக்குமதிச் சீனியின் மீதான விசேட வியாபாரப் பண்ட அறவீடு கிலோ ஒன்றுக்கு 50 ரூபாவிலிருந்து 25 சதமாக ஓரிரவிற் குறைக்கப்பட்டது. திறைசேரி ஆயிரம் கோடி ரூபாவுக்கு மேல் இழந்தது. அதற்கேற்ற விலைக் குறைவைத் தேநீர்க் கோப்பையில் நாம் காணவில்லை. 2021 மே மாதத்தில் இரசாயன உரத்தின் இறக்குமதி தடுக்கப்பட்டது. 2022 ஏப்ரல் 12 இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட இயலாதென்று அரசாங்கமே அறிவித்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு விலைவாசிச் சுட்டெண் முந்திய ஆண்டைவிட நூற்றுக்கு எழுபதளவு ஏறி நின்றது.

2023 நவம்பர் 14 இல் உயர் நீதிமன்றம், கோத்தபாய, மஹிந்த, பசில் ஆகிய ராஜபக்ஷ சகோதரர் மூவரும், மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்கள் உள்ளிட்ட உயர் அதிகாரிகள் சிலரும் பொருளாதார வீழ்ச்சிக்குப் பொறுப்பாவர் என்றும், பொதுமக்கள் தம்மீது வைத்த நம்பிக்கையை மீறினர் என்றும் பெரும்பான்மைத் தீர்ப்பளித்தது. பொறுப்பு யாருடையது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதற்குரிய பணத்தைக் கட்டியவர் எவர்? அதை நாம் சொல்கிறோம்.

முதலிற் கட்டியவர் கமக்காரர். இக்குடாநாட்டில் ஆறில்லை. வழுக்கியாறு மாரியில் மட்டும் ஓடும். சுண்ணாம்புக் கல்லினடியில் நிற்கும் நீரை இறைத்தே நாம் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் மரக்கறியும் செய்கிறோம். துலாவும் சூத்திரமும் போனபின் இறைப்பது எண்ணெய் இயந்திரம். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் ஒன்றின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் உயர்த்தப்பட்டது. ஓர் இறைப்புக்கு ஐந்து லீற்றர் வேண்டுமென்றால், 435 ரூபாவாக இருந்த செலவு 1,700 ரூபாவாயிற்று. இதற்கு வரி என்ற பெயர் இல்லை. மானியத்தை நீக்கினோம் என்றனர். பெயர் எதுவாயினும், கொழும்பிலே 2019 இல் விடப்பட்ட வரியின் ஒரு பங்கை 2022 இல் இணுவிலிலும் புத்தூரிலும் கரவெட்டியிலும் கிணற்றடியில் நின்றவன் கட்டினான். கடலுக்குச் சிறு படகிற் போகும் எமது மீனவரும் அவ்வாறே கட்டினர்.

அடுத்துக் கட்டியவர் மாதச் சம்பளத்தார். மாதம் இரண்டு இலட்சம் ரூபா பெறும் வைத்தியர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். 2022 இன் இறுதிவரை வருமான வரியாக அவரிடம் ஒரு சதமும் கேட்கப்படவில்லை. 2023 ஜனவரியிலிருந்து மாதம் 10,500 ரூபா கழிக்கப்பட்டது. 2025 ஏப்ரலில் வரியில்லா எல்லை மாதம் ஒன்றரை இலட்சமாக உயர்த்தப்பட்டபின் அது 3,000 ரூபாவாகக் குறைந்தது. இன்றியமையாத ஒரு வரியைச் சும்மா விட்டு, பின்னர் விலைவாசி உச்சத்தில் நின்ற வேளையில் ஒரேயடியாகக் கேட்டு, பின்னர் இறக்குவது ஆட்சிமுறையா? அந்த இரண்டு ஆண்டுகளில் எத்தனை வைத்தியர், எத்தனை பொறியியலாளர், எத்தனை விரிவுரையாளர் கடல் கடந்தனர்! அவர்களைப் படிப்பித்தது இந்நாட்டு மக்களின் வரிப்பணம். அந்த முதலும் போயிற்று. அவர்கள் கட்டியிருக்கக் கூடிய வரியும் போயிற்று.

எல்லோரும் சேர்ந்து கட்டுவது பெறுமதி சேர் வரி. 8 ஆக இருந்த அது 2022 இல் 12 ஆகவும் பின் 15 ஆகவும், 2024 ஜனவரி முதலாம் நாளிலிருந்து 18 ஆகவும் ஏறியது. எரிபொருளும் சமையல் எரிவாயுவும் உட்பட, முன்னர் விலக்குப் பெற்றிருந்த பல பொருள்கள் அதனுள் அகப்பட்டன. ஆயிரம் ரூபாப் பொருளை வாங்கும் கூலியாளும் 180 ரூபா கொடுக்கிறான்; பல கோடிக்கு அதிபதியும் 180 ரூபாவே கொடுக்கிறான். ஒருவனுக்கு அது ஒரு வேளைச் சாப்பாடு. மற்றவனுக்கு அது ஒன்றுமில்லை. நெடுங்காலமாக இந்நாட்டின் வரி வருமானத்தில் நூற்றுக்கு எழுபது எண்பது ரூபா இத்தகைய மறைமுக வரிகளாலேயே வந்துள்ளது. சமமான வரி என்பது நீதியான வரியாகிவிடாது.

இவ்விடத்தில் எமது வாசகர்களுக்குள்ளேயே ஒரு பிணக்கு உண்டென்பதை நாம் அறிவோம். உத்தியோகத்தர், "எமது சம்பளத்தில் வரியைப் பிடுங்குகின்றனர், தோட்டக்காரர் ஒரு சதமும் கட்டுவதில்லை" என்கின்றனர். கமக்காரர், "மாதம் முடியச் சம்பளம் தவறாது வருகிறது, வயது போனால் பென்சன், வெங்காயம் விலை விழுந்தால் எமக்கு யார் கொடுப்பார்?" என்கின்றனர். இரு சாராரும் ஒருவரையொருவர் பார்த்துக் கொண்டிருக்கும் வேளையில், இருவரையும் பாராமல் ஒருவன் பின்கதவால் வெளியேறுகிறான். அவன் கையில் நிலமும் கட்டடமும் பெரும் பங்குகளும் வரிவிலக்குச் சலுகைகளும் உள்ளன.

சான்று வேண்டுமா? 2023 மார்ச் 20 இல் சர்வதேச நாணய நிதியம் சுமார் 300 கோடி டொலர் கடன் திட்டத்துக்கு இணங்கியது. அத்திட்டத்தில் அரசாங்கம் பல வாக்குறுதிகள் கொடுத்தது. ஆதனங்களின் மீது நாடளாவிய வரியும், நன்கொடைக்கும் மரபுரிமைச் சொத்துக்கும் வரியும் 2025 இற் கொண்டுவரப்படும் என்பது அவற்றுள் ஒன்று. பெறுமதி சேர் வரி குறித்த காலத்தில் ஏறியது. எண்ணெய் விலையும் மின்சாரக் கட்டணமும் குறித்த காலத்துக்கு முன்னரே ஏறின. செல்வத்தின் மீதான வரியோ 2025 முடிந்தும் வரவில்லை. அரசாங்கங்கள் மாறின, இந்தத் தாமதம் மாறவில்லை. வட்டியை நீக்கிக் கணக்குப் பார்த்தால் 2023 இலிருந்து வரவு மிஞ்சுகிறது, துண்டு சுருங்குகிறது என்று மெச்சிக் கொள்கின்றனர். உண்மைதான். எவருடைய வயிற்றைச் சுருக்கி அது சுருங்கியது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா?

இனி, கொடுத்த பணம் எங்கே போகின்றதென்று பார்ப்போம். 2023 ஆம் ஆண்டில் அரசாங்கத்துக்கு வந்த ஒவ்வொரு நூறு ரூபாவிலும் எழுபது ரூபாவுக்கு மேல் வட்டிக்கே போயிற்று. 2009 மே மாதத்தில் யுத்தம் முடிந்தது. ஆனால் 2025 ஆம் ஆண்டின் திட்டத்திலும் பாதுகாப்பு அமைச்சுக்கு 40,000 கோடி ரூபாவுக்கு மேல் ஒதுக்கப்பட்டது. வலிகாமம் வடக்கின் செம்மண் 1990 இல் எம்மவரிடமிருந்து பறிபோயிற்று. கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டும், 2025 இலும் அது முழுமையாக உரியவரிடம் திரும்பவில்லை. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1990 இல் நின்றது நின்றதுதான். விளையவேண்டிய நிலத்தில் முகாம், உழைக்க வேண்டிய ஆலையிற் பாழ். இவற்றால் வடக்குக்கு மட்டும் நட்டமில்லை. விளையாத நிலமும் ஓடாத ஆலையும் திறைசேரிக்கு ஒரு சதமும் தருவதில்லை. காவலுக்கு மட்டும் செலவு வைக்கின்றன.

வரியையும் செலவையும் உரியவரின் அருகிலே வைத்தால் இக்குறை நீங்கும் என்று எமது தலைவர்கள் அன்றே கண்டனர். 1957 ஜூலை 26 இல் பண்டாரநாயக்கவும் செல்வநாயகமும் ஒப்பமிட்ட உடன்படிக்கையில் மொழியும் குடியேற்றமும் மட்டுமே பேசப்பட்டன என்று நினைப்போர் பலர். பிரதேச சபைகளுக்கு வரி விதிக்கவும் கடன் பெறவும் அதிகாரம் உண்டென்பதும் அதிலே எழுதப்பட்டிருந்தது. 1958 ஏப்ரலில் அது கிழிக்கப்பட்டபோது அந்த வரியதிகாரமும் சேர்ந்தே கிழிந்தது.

முப்பது ஆண்டுகள் கழித்து, 1987 இன் பதின்மூன்றாந் திருத்தம் மாகாண சபைகளைத் தந்தது. புரள்வு வரி, முத்திரைத் தீர்வை, வாகன அனுமதிக் கட்டணம் முதலியன மாகாணத்துக்குரியன ஆயின. சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு நிலத்துக்கும் கட்டடத்துக்குமான வரியும் மாகாணப் பட்டியலில் வைக்கப்பட்டது. பின்னர் நடந்ததைக் கவனியுங்கள். 2011 இல் மாகாணங்களின் புரள்வு வரி நிறுத்தப்பட்டது. அதற்கு ஈடாக, மத்திய அரசாங்கம் அறவிடும் தேசத்தைக் கட்டியெழுப்பும் வரியில் மூன்றிலொரு பங்கு தரப்படும் என்றனர். 2019 டிசம்பரில் அந்தத் தேசத்தைக் கட்டியெழுப்பும் வரியே நீக்கப்பட்டது. கையிலிருந்ததை வாங்கிக் கொண்டு சீட்டு ஒன்று தந்தனர். பிறகு சீட்டும் செல்லாதென்றனர். இது வடக்குக்கு மட்டும் செய்யப்பட்ட ஓரவஞ்சனையன்று. தெற்கு மாகாணமும் ஊவாவும் இதே நட்டத்தை அடைந்தன. ஆனால் யுத்தத்தால் அழிந்து, கைத்தொழில் இன்றி, கட்டியெழுப்ப வேண்டியது அனைத்தையும் அடியிலிருந்து கட்டவேண்டிய மாகாணத்துக்கு அந்த நட்டம் ஆழமாக வெட்டும்.

மீதியைக் கொடுப்பது நிதி ஆணைக்குழுவின் சிபாரிசு. மாகாணங்களுக்கிடையே உள்ள ஏற்றத்தாழ்வைப் படிப்படியாகக் குறைக்க வேண்டுமென்பதையும் கருத்திற் கொண்டே அது பங்கிட வேண்டுமென்று அரசியலமைப்பு சொல்கிறது. ஆனால் ஆணைக்குழு சிபாரிசு செய்வது ஒரு தொகை. திறைசேரி விடுவிப்பது வேறொரு தொகை. வருவதிற் பெரும் பங்கு ஆசிரியர், வைத்தியர், ஊழியர் சம்பளத்துக்கே போய்விடும். அபிவிருத்திக்கு எஞ்சுவது சொற்பம். அதனையும் இடித்துக் கேட்பதற்குச் சபை இல்லை. 2013 செப்டெம்பரில் வடக்கு மக்கள் முதன்முறையாகத் தெரிவு செய்த மாகாண சபையின் ஆயுள் 2018 ஒக்டோபரில் முடிந்தது. 2025 முடியும்வரை மறு தேர்தல் நடத்தப்படவில்லை. ஆளுநரும் அதிகாரிகளும் கணக்கெழுதுகின்றனர். அவர்கள் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் நாம் அவர்களைத் தெரிவு செய்யவில்லை; நீக்கவும் எம்மால் இயலாது.

பணமில்லையென்று தேர்தலையே நிறுத்திய நாடு இது. 2023 மார்ச் 9 இல் நடக்கவிருந்த உள்ளூராட்சித் தேர்தலுக்குத் திறைசேரி பணம் விடுவிக்கவில்லை. அது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று 2024 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்த்தது. தேர்தல் நடந்ததோ 2025 மே 6 இல். இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளும் எமது பிரதேச சபைகள் உறுப்பினரின்றி நடந்தன. சோலைவரி மட்டும் தவறாது கேட்கப்பட்டது.

அரசாங்கம் விட்ட இடத்தை இன்று தருமம் நிரப்புகின்றது. தெல்லிப்பழையிற் புற்றுநோய் ஆஸ்பத்திரி எழுந்த கதையை நினையுங்கள். 2011 இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் கால்நடையாக நடந்து பணம் சேர்த்தனர். 2016 இல் பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திரமுனைவரை நடந்தனர். காலி கராப்பிட்டியவில் அவ்வாறான ஆஸ்பத்திரிக்காக. நடந்தவர்களின் பாதங்களை நாம் வணங்குகிறோம். ஆனால் புற்றுநோயாளிக்குக் கட்டிலும் மருந்தும் கொடுக்க, நாட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மக்கள் நடக்கவேண்டியிருந்தது என்பது எந்த அரசாங்கத்துக்குப் பெருமை?

எமது பாடசாலைகளின் நிலையும் இதுவே. பிடியரிசி சேர்த்துப் பள்ளிக்கூடம் நடத்திய பரம்பரை எம்முடையது. அந்தப் பரம்பரை இன்று இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருந்து பழைய மாணவர் சங்கங்களாகப் பணம் அனுப்புகின்றது. அதனால் நகரத்துப் பெரிய கல்லூரிக்கு மண்டபமும் நீச்சற் குளமும் கிடைக்கின்றன. தீவகத்தின் கோடியிலே, வெளிநாட்டில் ஒரு பழைய மாணவனும் இல்லாத சிறிய வித்தியாலயத்துக்கு யார் அனுப்புவார்? தருமம் கொடுப்பவனின் நினைவு இருக்குமிடத்துக்குப் போகும். வரிப்பணம் தேவை இருக்குமிடத்துக்குப் போகவேண்டும். 1945 இல் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தபோது ஏழைக் கிராமத்துப் பிள்ளைக்குக் கிடைத்தது இந்த உரிமையே. 2025 ஆம் ஆண்டின் திட்டத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குப் பத்துக் கோடி ரூபா ஒதுக்கப்பட்டது. 1981 இல் எரிக்கப்பட்ட நூலகத்துக்கு அது தகும், வரவேற்கிறோம். ஆயினும் எமது வரிப்பணத்தின் ஒரு பகுதி எமக்கு வருவதைக் கொடையென்று மாலை சூட்டி வாங்க வேண்டியதில்லை. கொடை கேட்போர் கைகட்டி நிற்பர். வரி கொடுப்போர் கணக்குக் கேட்பர்.

கணக்குக் கேட்குமுன் எமது கையையும் ஒருமுறை விரித்துப் பார்க்க வேண்டும். இதை எழுதுவதால் எமது வாசகர் சிலர் எம்மீது சினம் கொள்ளக் கூடும். எழுதாதிருத்தல் எமக்குத் தகாது.

இக்குடாநாட்டிற் காணி விலை ஏறியுள்ளது போல வேறெங்கும் ஏறவில்லை என்று பெருமை பேசுகிறோம். ஆனால் நொத்தாரிசு முன்னிலையில் உறுதி எழுதும்போது கைமாறிய விலையில் பாதியும் சிலவேளை எழுதப்படுவதில்லை. முத்திரைத் தீர்வையைக் குறைக்கவே இந்த வித்தை. அத்தீர்வை எங்கே போகிறது தெரியுமா? கொழும்புக்கன்று. அது மாகாணத்தின் வருமானம். காணி கிடக்கும் பிரதேசத்தின் உள்ளூராட்சிச் சபைக்கு வந்து சேர்வது. விலையைக் குறைத்து எழுதியவன் தெற்கை ஏமாற்றவில்லை. தன் வீட்டு ஒழுங்கையின் விளக்கைத் தானே அணைத்திருக்கிறான்.

நாள் முழுதும் அரசாங்க ஆஸ்பத்திரியில் உழைக்கும் வைத்தியரின் சம்பளத்தில் வரி சதத்துக்குச் சதம் கழிக்கப்படுகிறது. மாலையில் தனியார் நிலையத்தில் வாங்கும் கட்டணத்துக்கு எத்தனை பேர் பற்றுச்சீட்டுக் கொடுக்கின்றனர்? ஒரு கொட்டகையில் நூறு பிள்ளைகளை இருத்தித் தனியார் வகுப்பு நடத்துவோர் எத்தனை பேர் கணக்குக் காட்டுகின்றனர்? வெளிநாட்டுப் பணத்தில் எழுந்த மாடி வீட்டுக்கு, பழைய ஓட்டு வீட்டின் மதிப்பிலே சோலைவரி கட்டுவோர் எத்தனை பேர்? மழை வெள்ளம் வாய்க்காலில் ஓடாது முற்றத்தில் நின்றால் மட்டும் தவிசாளரை ஏசுகிறோம். கிணற்று நீரிற் கலக்கும் மலக்கழிவையும் உரத்தின் நைத்திரேற்றையும் பற்றிக் கூட்டம் வைத்து முறையிடுகிறோம். வாய்க்கால் வெட்டவும் கழிவகற்றவும் நீரைச் சோதிக்கவும் சபைக்குப் பணம் எங்கிருந்து வரும்?

மத்திய அரசாங்கம் எமக்கு அநீதி செய்கிறது. ஆகவே வரி கொடாதிருப்பது எமது எதிர்ப்பு என்று சிலர் நியாயம் சொல்வதுண்டு. எதிர்ப்பென்றால் அது பகிரங்கமாக இருக்க வேண்டும்; அதற்குரிய விலையைக் கொடுக்க ஆயத்தமாகவும் இருக்க வேண்டும். ஒளித்துச் செய்வது எதிர்ப்பன்று. மேலும், நாம் ஒளிக்கும் சதம் பாதுகாப்பு அமைச்சின் பணத்தைக் குறைப்பதில்லை. எமது ஊரின் தாய்சேய் நிலையத்தையும் வாசிகசாலையையுமே குறைக்கிறது.

ஆகவே எமது கோரிக்கைகளைத் தெளிவாக வைக்கிறோம்.

முதலாவது: இனி ஒரு சதமேனும் மறைமுக வரி கூட்டுவதற்கு முன்னர், வாக்களித்த செல்வ வரியையும் மரபுரிமைச் சொத்து வரியையும் அரசாங்கம் கொண்டுவர வேண்டும். சாதாரண குடும்பத்தின் ஒரு வீட்டையும் கமக்காரனின் தோட்டக் காணியையும் விலக்கி, பெருஞ்செல்வத்தின் மீது அது விழவேண்டும். கம்பனிகளுக்குக் கொடுக்கும் ஒவ்வொரு வரிச்சலுகையாலும் திறைசேரி இழப்பது எவ்வளவு என்பது தமிழிலும் சிங்களத்திலும் ஆண்டுதோறும் மக்கள் முன் வைக்கப்பட வேண்டும்.

இரண்டாவது: மாகாண சபைத் தேர்தல் நடத்தப்பட வேண்டும். 2011 இலும் 2019 இலும் மாகாணங்கள் இழந்த வருமானத்துக்கு ஈடாக, பெறுமதி சேர் வரியில் ஒரு நிலையான பங்கு சட்டத்தால் உறுதி செய்யப்பட வேண்டும். சுற்றறிக்கையால் வந்தது சுற்றறிக்கையால் போகும்.

மூன்றாவது: ஒவ்வொரு மாகாணமும் கேட்டது எவ்வளவு, நிதி ஆணைக்குழு சிபாரிசு செய்தது எவ்வளவு, திறைசேரி விடுவித்தது எவ்வளவு என்பது காலாண்டுதோறும் வெளியிடப்பட வேண்டும். எமது பாராளுமன்ற உறுப்பினர்கள் வரவு செலவு விவாதத்தில் இந்த மூன்று எண்களையும் கையில் வைத்துப் பேசவேண்டும். உணர்ச்சி வசனங்களை ஹன்சாட்டில் நிறையப் படித்துவிட்டோம். எண்களைக் காண்பது அரிது.

நான்காவது எமக்கே: உறுதியில் உண்மை விலையை எழுதுவோம். பற்றுச்சீட்டுக் கேட்டு வாங்குவோம். சோலைவரியைக் கட்டிவிட்டு, அதன் கணக்கைச் சபை மண்டபத்துக்குப் போய்க் கேட்போம். சபை அமர்வுகளைப் பொதுமக்கள் பார்க்கலாம். பார்ப்பவர் எத்தனை பேர்?

கமக்காரரும் உத்தியோகத்தரும் இனியும் ஒருவரையொருவர் சந்தேகக் கண்ணாற் பார்த்திருப்பதில் எவ்வித பயனும் இல்லை. ஒருவரின் பிள்ளை மற்றவரின் பள்ளியிற் படிக்கிறது. ஒருவரின் நோயை மற்றவர் தீர்க்கிறார். ஒருவரின் வெங்காயம் மற்றவரின் அடுப்பில் வேகிறது. இருவரின் வரியும் ஒரே பெட்டியில் விழுகிறது. அந்தப் பெட்டியின் திறப்பு எவர் கையில் இருக்கிறது என்று இருவரும் சேர்ந்து கேட்கும் நாளில், அதற்கு விடை சொல்லாமல் எந்த நிதியமைச்சரும் ஆசனத்தில் அமர முடியாது. அடுத்த வரவு செலவுத் திட்டம் வாசிக்கப்படுமுன் அவ்வாறு கேட்கத் தொடங்குவோமாக.